கையெழுத்துப் போடாதே தாயி

அன்புள்ள மகளுக்கு,

குடித்துவிட்டு வண்டி ஓட்டி உன்னை இடித்தவனைப் பற்றி நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. "அவனைத் தண்டிக்கிறதுக்குன்னு தனியாப் பணம் கேட்டா பேராசை மாதிரி இருக்குப்பா" என்றாய். முட்டிக்குள் கம்பி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவள் பேசுகிற பேச்சா தாயி இது?

திருநெல்வேலியில் முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து எத்தனையோ எம்.சி.ஓ.பி. மனு, அதாவது வாகன விபத்து நஷ்டஈட்டு மனு, எழுதியவன் நான். வைத்தியச் செலவு, போன சம்பளம், ஊனச் சதவீதம், வலி வேதனை என்று எல்லாவற்றுக்கும் இங்கே கணக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கலாம், ஆனால் ஓட்டியவன் குடித்திருந்தான் என்பதற்காக அந்தத் தொகை ஒரு ரூபாய்கூட ஏறாது, அது கிரிமினல் கோர்ட் பாடு. அந்தக் குறை எனக்குக் கடைசிவரை இருந்தது. உங்கள் கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. சிவில் சட்டம் 3294-ஆம் பிரிவில், நஷ்டத்துக்கு மேலே தண்டனையாகவும் ஒரு தொகை கேட்கலாம். வெறும் கவனக்குறைவு போதாது, அடுத்தவருக்கு ஆபத்து என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும், சாதாரண சிவில் வழக்கைவிட அழுத்தமான சாட்சியமும் வேண்டும். வண்டி ஓட்டப்போகிறோம் என்று தெரிந்தே குடிக்கிறவனிடம் இதைக் கேட்கலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1979-லேயே டெய்லர் வழக்கில் சொல்லிவிட்டது. சட்டமே கொடுக்கிற உரிமை இது, இதில் பேராசை எங்கே வந்தது?

உன்னை இடித்தவன் முன்பே ஒரு தடவை இதே குற்றத்தில் தண்டனை வாங்கியவன் என்றாயே, அதை விடாதே. அங்கே அப்படித் தண்டனை கொடுக்கும்போது, குடித்துவிட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து, யாராவது செத்தால் கொலை வழக்கே வரலாம் என்று கோர்ட் எச்சரித்தாக வேண்டும். அந்தப் பழைய கேஸ் கட்டை வக்கீலை எடுக்கச் சொல். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அப்புறம் அவன் சொல்ல முடியாது.

ஆனால் பெரிய தொகை கைக்கு வரும் என்று மட்டும் நம்பி உட்காராதே. தண்டனைத் தொகையை அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது, அவன் சொந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். அவனுக்கு என்ன வசதி இருக்கிறது என்று காட்டுவதும் உன் பக்கத்து வேலைதான். திவால் மனு போட்டுத் தப்பிக்க முடியாது, குடித்து ஓட்டிக் காயப்படுத்திய கடன் அதில் அழியாது. தண்டனைத் தொகை நஷ்டஈட்டைப் போல பத்து மடங்குக்கு மேல் போனால் பெரும்பாலும் நிற்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-ல் சொல்லியிருக்கிறது. காயத்துக்கான நஷ்டஈட்டுக்கு வருமான வரி கிடையாது, தண்டனைத் தொகைக்கு உண்டு.

அதனால் ஆபரேஷன் செலவு, சம்பளம், இனி வரப்போகிற வைத்தியம், இந்தக் கணக்கு முதலில் பக்காவாக இருக்கட்டும். உன் காலுக்கு உதவப்போவது அந்தப் பணம்தான். தண்டனைத் தொகையையும் மனுவில் சேர்க்கச் சொல், வெட்கப்படாதே. பொதுவாக இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும், அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்.

இன்சூரன்ஸ்காரர் சமரசத்துக்கு அனுப்பிய காகிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போட்டால் மிச்சம் எதையும் கேட்க முடியாமல் போய்விடலாம். வக்கீலிடம் காட்டு. எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்துவிட்டு ராத்திரி கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா