அட்மெகா 328 சிப் (போர்டோட மூளை) போடுற போர்டை சால்டர் பண்றவங்க ஒரு நிமிஷம்

மக்களே, உயரம் கம்மியான பார்ட்ல இருந்து ஆரம்பிங்க, முதல்ல ரெசிஸ்டர், அப்புறம் ஐசி சாக்கெட் (சிப்பை சொருகுற இடம்), 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் (சிப்புக்கு கிளாக் துடிப்பு குடுக்குறது), கடைசியா எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், அதுல பட்டை போட்ட பக்கம் மைனஸ், நான் ஒரு தடவ மாத்திப் போட்டு டப்புன்னு வெடிச்சு ரூம் பூரா நாத்தம்.

ஈயம் கலந்த சால்டர்னா 350 டிகிரி போதும். பேடையும் (போர்டுல சால்டர் ஒட்டுற உலோக இடம்) பார்ட்டோட கம்பிக் காலையும் சேர்த்து சூடாக்கிட்டு அப்புறமா சால்டரை வைங்க, அயர்ன் நுனியில உருக்கி கொண்டு போய் தடவுனா டிரை ஜாயின்ட் தான் வரும், அதாவது சரியா ஒட்டாத ஜாயின்ட்.

அட்மெகா 328 சிப்பை அவசரப்பட்டு சொருகாதீங்க!! மல்டிமீட்டர்ல ஷார்ட் இல்லன்னு பாத்து, பவர் குடுத்து சாக்கெட் 7ஆவது பின்ல 5 வோல்ட் வருதான்னு செக் பண்ணி, பவரை ஆஃப் பண்ணிட்டு தான் சிப்பு. ஜாயின்ட் போட்டோ இங்கயே போடுங்க, கிட்டக்க எடுத்தது.