கருவாட்டுச் சந்தைக்கும் ஒரு சட்டம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். துறைமுகத்தில் முறைப்படி வந்திறங்கும் வெளிநாட்டுக் கருவாட்டைப் பற்றி எழுதுவோர் குறைவு.

இலங்கைக் கடலுக்குச் சட்டம் உண்டு. வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தில் தண்டப்பணம் 2018 இல் உயர்த்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் கடற்றொழில் சட்டம் திருத்தப்பட்டு கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலே தடைசெய்யப்பட்டது. அவை எவ்வளவு தூரம் நடைமுறையில் உள்ளன என்பதை முல்லைத்தீவுக் கரையில் அறுந்த வலையோடு நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

சென்ற கிழமை முள்ளியவளையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். இரண்டு சாக்குகளில் நெத்தலி வாய் திறந்து கிடந்தது. ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒரே அளவாய், வெள்ளையாய், மணலில்லாமல், விலையும் குறைவாய் இருந்தது. மற்றது நம் கரையில் பழைய வலை விரித்துக் காயவைத்தது, கையில் அள்ளியதும் மணல் நெருடியது. எது எவ்விடத்தது என்று இரண்டிலும் எழுதியிருக்கவில்லை. மணல் நம்முடைய குறைதான், மறைக்கவில்லை. ஆனால் உலர்த்தும் தட்டுகளுக்கு முதல் இல்லாதவர் வேறென்ன செய்வார்?

2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், கருவாடு போன்ற சில பண்டங்களின் இறக்குமதி வரி வீதத்தை வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. சோளகக் காற்றுக் காலத்தில் காயவைத்து, மாரியில் விற்கலாமென்று கட்டிவைக்கும் ஒரு பெண்ணின் முதல், இப்படி ஓர் இரவில் மாறக்கூடிய வீதத்தில் தங்கியிருப்பது நியாயமல்ல. கருவாட்டுக்கான வரி வீதம் குறைந்தது ஓராண்டுக்கு மாறாதிருக்கவும், அவ்வருமானத்தில் ஒரு பங்கு கரையோர உலர்த்தும் தளங்களுக்கும் ஐஸ் வசதிக்கும் போய்ச் சேரவும், சில்லறைக் கடையிலும் உற்பத்தி நாடு எழுதப்படவும் தனிச்சட்டம் தேவை.

ரின் மீனை இதில் சேர்க்க வேண்டாம். நிவாரணப் பொதிக் காலத்திலிருந்து அது வன்னியில் கூலிக் குடும்பங்களின் கறி. அதன் விலையை ஏற்றி மீனவரைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

அரசாங்கம் கொண்டுவரட்டும் என்று நம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் காத்திருக்கத் தேவையில்லை. இழுவைமடித் தடையும் ஓர் எதிர்க்கட்சித் தமிழ் உறுப்பினரின் தனிநபர் சட்டமூலமாகத் தொடங்கியதுதான்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
முள்ளியவளை.