சாய்த்துப் பார்த்தாயா?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புற்றுநோய்ச் செல்லின் மேலுள்ள சர்க்கரையைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்காக (நோய் எதிர்ப்புப் புரதம்) எட்டு மாதம் பாடுபட்டும், அது சர்க்கரையைத் தொட்டதும் விட்டுவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. ரத்த வங்கியில் இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது அதைத்தானே!

ரத்த வகை என்பதே சர்க்கரை விவகாரம். ஏ வகைச் சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இருப்பது என்-அசிட்டைல்கேலக்டோசமைன் என்ற சர்க்கரை, பி வகையில் வெறும் கேலக்டோஸ். அசிட்டமைடு என்ற ஒரு சிறு அணுத்தொகுதிதான் வித்தியாசம். அதைக் கவனிக்காமல் ரத்தம் ஏற்றினால் உயிரே போகலாம்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு ஆன்டி-ஏ, அதாவது ஏ சர்க்கரையைப் பிடிக்கும் ஆன்டிபாடி உள்ள சீரம். குச்சியால் கலக்கி, தகட்டை இப்படியும் அப்படியும் சாய்ப்பேன். ஏ வகையிலேயே ஏ1, ஏ2 என்று உட்பிரிவு உண்டு. ஏ1 ரத்தம் என்றால் சில நொடிகளில் மணல் மணலாகத் திரண்டுவிடும், நடுவே நீர் தெளியும். ஏ2 வந்தால் பழைய சீரங்கள் தயங்கும், திரள் பொடியாக இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவசரப்பட்டு 'ஓ' என்று எழுதிவிடுவார்கள். நானும் ஒருமுறை எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன். சீரத்தின் மேல் தவறில்லை. ஏ1 செல்லில் ஏறத்தாழ 10 லட்சம் ஏ ஆன்டிஜென்கள் (ஆன்டிபாடி பிடிக்கும் இடங்கள்) இருக்கும், ஏ2 செல்லில் அதில் கால்வாசிதான்.

சர்க்கரை தண்ணீரோடு ஒட்டிப் பழகிய பொருள். அதன் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளைத் தண்ணீரிடமிருந்து பிரித்துத் தன்பக்கம் இழுப்பதில் ஆன்டிபாடிக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். ஆன்டிபாடியிலுள்ள டைரோசினோ டிரிப்டோஃபேனோ, அந்த அமினோ அமிலம் தன் வளையத்தைச் சர்க்கரையின் முகத்தோடு ஒட்டவைத்து ஓரளவு ஈடுகட்டும். ஆகவே ஆன்டிபாடியின் ஒற்றைக் கையின் பிடி தளர்வாகத்தான் இருக்கும். ஐஜிஎம் என்ற பெரிய ஆன்டிபாடி வகைக்குப் பத்துக் கைகள். ஒன்று நழுவும்போது மற்றவை பிடித்திருக்கும்.

நீ தேடும் டிஎன் (Tn) ஆன்டிஜெனும் அதே என்-அசிட்டைல்கேலக்டோசமைன்தான், புரதத்தின் செரின் அல்லது திரியோனின் அமினோ அமிலத்தில் நேராக ஒட்டியது. நல்ல செல்லில் அதன்மேல் அடுத்தடுத்த சர்க்கரைகள் ஏறி மூடிவிடும். புற்றுநோய்ச் செல்லில் பல நேரம் அந்த வேலை பாதியில் நின்றுபோக, அடிக்கல் வெளியே தெரிகிறது. செல்லை வழவழப்பாக மூடும் மியூசின் புரதத்திலோ அவை வரிசையாக நெருங்கி நிற்கும். நீ பிடியை அளக்கும் சிப்பில் சர்க்கரையை எட்ட எட்டப் பதித்து ஒற்றைக் கையை அளந்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். நெருக்கமாகப் பதித்துப் பார். மியூசின் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, பக்கத்திலுள்ள புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று தெரியும்.

பிடி இறுகியதும் குதிக்காதே. புற்றுநோய்ச் செல்லின் ஜிடி2 என்ற சர்க்கரையைப் பிடிக்கும் டைனுடக்சிமாப் என்ற ஆன்டிபாடி, 2015-இல் நியூரோபிளாஸ்டோமாவுக்கு (குழந்தைகளுக்கு வரும் நரம்புச் செல் புற்றுநோய்) அனுமதி பெற்ற நல்ல மருந்து. ஆனால் ஜிடி2 நரம்பு இழைகளிலும் உண்டு. அதனால் மருந்து ஏறும்போது குழந்தைகள் வலியில் துடிக்கிறார்கள், கூடவே மார்ஃபின் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நல்ல செல்களையும் அதே நாளில், அதே தட்டில் வைத்துப் பார். முக்கியமாக ஏ வகைச் சிவப்பணு. நுனிச் சர்க்கரை ஒன்றுதானே, உன் ஆன்டிபாடி ஏமாந்து அதையும் பிடிக்கலாம். இதை உன் ஆய்வகத்தில் யாராவது சொன்னார்களா?

அந்தச் சோதனைக்குச் சிப்பெல்லாம் வேண்டாம். ஒரு தகடு, ஒரு சொட்டு ரத்தம். இரண்டு நிமிடம் பொறுமையாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அம்மா