நான்கு நட்டில் ஒன்று எங்கே?

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் எனது 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரில் மனைவியுடன் மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குப் போனேன். காத்தான்குடி நெரிசலில் பின்பக்கம் ‘டக், டக்’ என்றது. வேகம் எடுத்ததும் நின்றுவிட்டது. களுவாஞ்சிகுடியில் மெதுவாக்கினால் மறுபடியும் அதே சத்தம். “கல்லடிப் பாலத்துப் பாடும் மீன் ஒன்று ஏறிக்கொண்டதோ?” என்று மனைவிக்குச் சிரிப்பு.

கியரை நியூட்ரலில் விட்டு உருட்டிப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை. சரி, என்ஜின் இல்லை. கல்முனையில் ஒரு கராஜில், டிபரன்சல் (பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரப் பெட்டி) போய்விட்டது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். நான் நம்பவில்லை. பல்சக்கரம் பழுதென்றால் வேகத்தில் இன்னும் கத்துமே, இது அடங்குகிறதே!

அக்கரைப்பற்றில் டயர் ஒட்டும் கடைத் தம்பி காரை மெல்லத் தள்ளச் சொல்லிவிட்டு, குனிந்து காது கொடுத்தார். பிறகு வலது பின் வீல் கப்பை, அதாவது நட்டுகளை மறைக்கும் சக்கர மூடியை, நெம்பினார். உள்ளேயிருந்து ஒரு நட்டு விழுந்தது. சக்கரத்தில் மிச்சம் மூன்று, அதிலும் ஒன்று தளர்வு! மெதுவாகச் சுற்றும்போது நட்டு கப்புக்குள் உருண்டு விழுந்திருக்கிறது. வேகத்தில் விளிம்போடு ஒட்டிக்கொண்டதால் சத்தமில்லை.

போன மாதம் பிரேக் பார்த்த இடத்தில் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். கராஜ்காரர்களே, கப்பைப் போடுமுன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு நட்டுகளைக் காட்டுங்கள். அந்தத் தம்பி காசு வாங்கவில்லை. ஒரு பிளேன்டீ மட்டும் குடித்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மட்டக்களப்பு