நார்வேயரும் நேபாளியரும்: ஒப்பீட்டில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியேறிய சமூகங்களின் பொருளாதார நிலை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை, ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்துகொண்டு படித்தேன். நார்வே வம்சாவளியினரையும் நேபாள வம்சாவளியினரையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து நிறுத்தி, முன்னவர் வசதியாகவும் பின்னவர் பின்தங்கியும் இருப்பதற்கு அவரவர் உழைப்புப் பழக்கமும் பண்பாடுமே காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நான் இந்த நாட்டில் முதல் பதினொரு ஆண்டுகளை மினசோட்டாவில் நார்வே வழி வந்தவர்களோடு வேலை பார்த்துக் கழித்தவன். பிறகு கொலம்பஸுக்கு மாறி, சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் நேபாளி முதியவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வுப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இரு தரப்பாரையும் அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், அந்த முடிவை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

எண்களில் எனக்கு வழக்கில்லை. பியூ ஆய்வு மையத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நேபாளிக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 55,000 டாலர். நாடு முழுவதற்கும் அதே கணக்கு 61,800 டாலர். ஆசிய வழியினர் அனைவரையும் சேர்த்தால் 85,800 டாலர். ஆசிய வழியினரில் நேபாளிகளுக்கும் கீழே இருந்தவர்கள் பர்மியர் மட்டுமே. நார்வே வழியினரின் வருமானம் நாட்டளவைவிட உயர்ந்தது என்பதும் உண்மைதான். போதாததற்கு, நான் அறிந்த நேபாளிக் குடும்பம் என்பது பெரும்பாலும் பெற்றோர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என ஏழெட்டுப் பேர் கொண்டது; மினசோட்டாவில் என் பக்கத்து வீட்டு நார்வே வழிக் குடும்பம் ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் மட்டுமே. ஆள்கணக்கில் வகுத்தால் இடைவெளி இன்னும் விரியும். ஆனால் எந்தக் காலத்து நார்வேயரை எந்தக் காலத்து நேபாளியரோடு ஒப்பிட்டோம் என்ற கேள்வியைக் கட்டுரை கேட்கவே இல்லை.

நார்வேயிலிருந்து சேர்ந்து புறப்பட்ட முதல் கூட்டம், 1825-இல் ஸ்டாவாங்கர் துறைமுகத்தில் 'ரெஸ்டவுராஷன்' என்ற சிறு பாய்மரக் கப்பலில் ஏறியது. புறப்பட்டவர்கள் 52 பேர். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்ததால், அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் இறங்கியபோது 53 பேர். அவ்வளவு சிறிய கப்பலில் அத்தனை பேரை ஏற்றி வந்தது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதம் என்று கப்பலைப் பறிமுதல் செய்து அபராதமும் விதித்தார்கள். குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் தலையிட்டு மன்னித்த பிறகே விடுவித்தார்கள். அதன்பின் நூறு ஆண்டுகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஐரோப்பாவில் அயர்லாந்தைத் தவிர வேறெந்த நாடும் இவ்வளவு பேரை அமெரிக்காவுக்குப் பறிகொடுக்கவில்லை. காரணம் எளிது: நார்வேயில் விளைநிலம் நூற்றுக்கு மூன்று பங்குதான்; 1801-இல் 9 லட்சத்தை எட்டாதிருந்த மக்கள்தொகை 1865-க்குள் 17 லட்சமாகிவிட்டது. பண்ணை மூத்த பிள்ளைக்குப் போகும். மற்றவர்களில் பலர் 'ஹுஸ்மன்' ஆனார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், நிலக்காரரின் கொல்லையோரம் குடிசை போட்டுக்கொண்டு அதற்கு ஈடாக அவர் வயலில் பாடுபடும் குடியாள்.

இவர்கள் வந்து இறங்கிய மறுநாளே செழித்துவிடவில்லை. மரமில்லாத புல்வெளியில் புல்மண்ணை வெட்டிக் கற்களாக அடுக்கிய வீடுகளில்தான் பலர் முதல் குளிர்காலங்களைக் கழித்தார்கள். விஸ்கான்சினில் மஸ்கீகோ குடியிருப்பைக் காலராவும் மலேரியாவும் வாட்டின. 1873 முதல் 1877 வரை மினசோட்டாவின் பயிரை வெட்டுக்கிளிகள் தின்று தீர்த்தன. நிவாரணம் போதாமல் மாநில ஆளுநர் 1877 ஏப்ரலில் ஒரு நாளைப் பிரார்த்தனை நாளாக அறிவித்தார். வந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேர் பிற்காலத்தில் ஊருக்கே திரும்பிப் போனார்கள். இன்றைய அட்டவணையில் அவர்களுடைய வாரிசுகள் யாரும் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு உடனே மாறினார்கள் என்பதும் சரியல்ல: அயோவாவில் நார்வீஜிய மொழியில் 1874-இல் தொடங்கிய 'டெக்கோரா போஸ்டன்' செய்தித்தாள் 1972 வரை வெளிவந்தது. முதல் உலகப்போரின்போது, 1918-இல், அதே அயோவாவின் ஆளுநர் பள்ளியிலும் பொது இடங்களிலும் தொலைபேசியிலும் தேவாலய வழிபாட்டிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று ஆணையிட்டபோது, ஜெர்மானியரோடு சேர்த்து நார்வேயரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. தமக்குள்ளேயே ஒதுங்கி வாழ்கிறார்கள் என்று இன்று நேபாளிகளைச் சொல்வதை அன்று இவர்களைப் பார்த்துச் சொன்னார்கள்.

பிறகு எப்படி மேலே வந்தார்கள்? உழைத்துத்தான். ஆனால் அந்த உழைப்பைப் போட அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. மினசோட்டாவில் என்னோடு பணியாற்றிய மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட பழைய தாள் ஒன்று தொங்கும். குடியரசுத் தலைவர் ஹேஸின் பெயரால் 1879-இல் வழங்கப்பட்ட நிலப்பட்டா அது. 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, சுமார் 18 டாலர் கட்டணம் கட்டி, ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டுக் காட்டினால் 160 ஏக்கர் சொந்தமாகும். குடிமகனாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குடிமகனாகும் எண்ணத்தை அறிவித்து ஒரு தாளில் கையெழுத்திட்டாலே போதும். 1790-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்று வகுத்திருந்ததால், அந்தக் கையெழுத்தைப் போட நார்வேயருக்குத் தடையே இல்லை. அதே சட்டத்தின் பெயரால்தான் 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரை, நீ வெள்ளையன் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. என் நண்பரின் குடும்பம் அந்த நிலத்தை அடகு வைத்துத்தான் இரண்டாம் தலைமுறையைப் படிக்க வைத்தது. நான்காம் தலைமுறை அதை விற்று நகரத்தில் வீடு வாங்கியது.

அந்த 160 ஏக்கருக்கு முன்பு யார் உரியவர் என்பதை அவரே ஒருநாள் சொன்னார். 1862 டிசம்பர் 26 அன்று மேன்கேட்டோ நகரில் டகோட்டா பழங்குடியினர் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அம்மக்களை மினசோட்டாவை விட்டே வெளியேற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஹோம்ஸ்டெட் சட்டமும் இந்தத் தூக்கும் ஒரே ஆண்டில் நடந்தவை.

வாசகர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரையும் இங்கே குறிப்பிடலாம். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதனோடு சேர்ந்து இந்தியாவுக்குப் புதிய கோதுமையைக் கொண்டுவந்த நார்மன் போர்லாக், அயோவாவில் க்ரெஸ்கோ பக்கம் பண்ணை வைத்திருந்த நார்வே வழிக் குடும்பத்தின் பிள்ளை. அவர் படித்த மினசோட்டா பல்கலைக்கழகமும், அதே 1862-இல் உயர்கல்விக்கென அரசு நிலம் ஒதுக்கிய சட்டத்தால் வளர்ந்த நிறுவனம். அவருடைய அறிவும் உழைப்பும் அவருடையவை. அவை முளைத்த நிலத்தைக் கொடுத்தது அரசு.

இனி நேபாளியரிடம் வருகிறேன். கட்டுரையாளர் நேபாளியர் என்று எழுதும்போது எல்லோரும் காத்மாண்டுவிலிருந்து விமானம் ஏறியவர்கள் என்று எண்ணிக்கொண்டதாகத் தெரிகிறது. கொலம்பஸில் நான் அறிந்த நேபாளிகளில் பெரும்பாலோர், அகதி முகாமைத் தவிர நேபாளத்தின் வேறெந்தப் பகுதியிலும் வாழாதவர்கள். அவர்கள் தெற்குப் பூட்டானின் நேபாளி பேசும் மக்கள். லோட்சம்பா என்று அழைக்கப்படுபவர்கள். பூட்டான் 1985-இல் குடியுரிமைச் சட்டத்தைக் கடுமையாக்கி, 1988 கணக்கெடுப்பில் 1958-ஆம் ஆண்டின் நிலவரி ரசீதைக் காட்டச் சொன்னது. முந்தின ஆண்டு ரசீது செல்லாது, பிந்தின ஆண்டு ரசீதும் செல்லாது. அதைக் காட்டியும் துரத்தப்பட்டவர்கள் உண்டு. தாத்தா பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டு, மலையகத் தமிழரை 1948-இல் இலங்கை நாடற்றவராக்கிய கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்டங்களில் ஏழு முகாம்களில் மூங்கில் குடிசைகளில் அடைபட்டார்கள். ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் அப்படியே இருந்தார்கள். 2008 முதல்தான் அவர்களைப் பிற நாடுகள் ஏற்கத் தொடங்கின. மொத்தம் 1,13,000-க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய 96,000 பேர் அமெரிக்காவுக்கு வந்தார்கள். ஏற்றுக்கொண்ட எட்டு நாடுகளில் நார்வேயும் ஒன்று.

என் சனிக்கிழமை வகுப்பில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். பூட்டானில் ஆரஞ்சுத் தோப்பும் ஏலக்காய்த் தோட்டமும் வைத்திருந்தவர். விண்ணப்பத்தில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தது. அதே வரிசையில் இருந்த மூவருக்கும் ஜனவரி 1 தான், ஏனென்றால் தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் முகாம் பதிவேட்டில் எழுதப்பட்ட நாள் அது. ஒருநாள் தம் பையிலிருந்து மடித்து மடித்துப் பழுத்துப்போன ஒரு தாளைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய தகப்பனார் கட்டிய 1958-ஆம் ஆண்டு வரி ரசீது. தேர்வுக்கு இது உதவுமா என்று கேட்டார். என் பழைய நண்பரின் வீட்டுச் சுவரில் தொங்கிய தாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

முகாமிலிருந்து இந்நாட்டுக்கு வந்த அகதிகள், விமானக் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாக ஏற்றுக்கொண்டுதான் விமானமேறினார்கள். வந்த சில மாதங்களில் தவணை தொடங்கிவிட்டது. வரவேற்பு உதவிக்கான காலம் 90 நாளாக இருந்தது. அதற்குள் கிடங்கிலோ இறைச்சி ஆலையிலோ விடுதியின் சலவைப் பகுதியிலோ வேலை தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. தோப்பு வைத்திருந்தவரின் விவசாய அறிவுக்கு இங்கே யாரும் 160 ஏக்கர் தரவில்லை. 2009-க்கும் 2012-க்கும் இடையில் இம்மக்களிடையே தற்கொலைகள் நாட்டு விகிதத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்ததைக் கண்டு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே வந்து விசாரித்தது. இவ்வளவுக்குப் பிறகும் கொலம்பஸின் புறநகர்ப் பகுதிகளில் வீட்டுக் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டிக்கொண்ட குடும்பங்களை நான் தெருத்தெருவாகக் காட்ட முடியும். நான்கு பேர் சம்பளத்தை ஒரே உண்டியலில் போட்டு முன்பணம் சேர்த்தார்கள். கட்டுரை குறையாகக் கண்ட கூட்டுக்குடும்பம்தான் அந்த வீட்டை வாங்கியது.

இவர்களோடு நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் டாக்சி ஓட்டுபவர், விசாக் குலுக்கலில் வந்தவர், டெக்சாஸில் மேற்படிப்பு முடித்துக் கணினித்துறையில் சேர்ந்தவர் எல்லோரையும் ஒரே பெயரில் சேர்த்து வரிசைப்படுத்தினால் நடுவில் கிடைக்கும் 55,000 டாலர் என்ற எண் இவர்களில் யாருடைய வாழ்க்கையையும் காட்டாது. 2000-இல் பத்தாயிரத்தை எட்டாதிருந்த இச்சமூகம் 2019-இல் ஏறக்குறைய இரண்டு லட்சம். பெரும்பாலோர் வந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. மறுபக்கம், நார்வே வம்சாவளி என்பது கணக்கெடுப்பில் அவரவர் தாமே எழுதுவது. ஜெர்மானியப் பாட்டியும் நார்வேத் தாத்தாவும் உள்ளவர் எதை எழுத விரும்புகிறாரோ அதுவே கணக்கு.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு சொல். அதே பியூ கணக்கில் இந்திய வழிக் குடும்பங்களின் வருமானம் 1,19,000 டாலர் என்பதைக் கட்டுரையாளர் பெருமையோடு குறிப்பிட்டிருந்தார். நானும் அந்தக் கணக்கில் ஒருவன். என்னை இங்கே கொண்டுவந்தது பொறியியல் பட்டமும் வேலை விசாவும். அந்தப் பட்டத்துக்குப் பெரும்பகுதிச் செலவைச் செய்தது தமிழ்நாட்டு அரசு. வடிகட்டி எடுத்தவர்களை முகாமிலிருந்து மொத்தமாக வந்தவர்களோடு ஒப்பிட்டுப் பண்பாட்டின் மேன்மையைப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2025-ஆம் ஆண்டில், 'ரெஸ்டவுராஷன்' கப்பலைப் போலவே கட்டிய ஒரு பாய்மரக் கப்பல் ஸ்டாவாங்கரிலிருந்து புறப்பட்டு, இருநூறாவது ஆண்டு நினைவாக நியூயார்க் வந்து சேர்ந்தது. அதே ஆண்டின் மார்ச் மாதத்தில் பூட்டானிய நேபாளிகள் சிலர், முன்பு குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்கள் என்பதால் அமெரிக்காவிலிருந்து பூட்டானுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். பூட்டான் அவர்களை ஏற்காமல் இந்திய எல்லையில் கொண்டுபோய் விட்டது. சிலர் மீண்டும் நேபாளத்தில், தாங்கள் முன்பு வாழ்ந்த முகாம் பக்கமே போய்ச் சேர்ந்தார்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பின் நேபாளக் குடிமக்களுக்கு அளிக்கப்பட்டிருந்த தற்காலிகப் பாதுகாப்பை முடித்துக்கொள்வதாக அமெரிக்க அரசு அறிவித்தது அந்த ஆண்டு ஜூனில்.

கட்டுரையின் அட்டவணையைத் தங்கள் இணையப் பதிப்பில் தொடர்ந்து வைத்திருப்பதானால், ஒவ்வொரு சமூகமும் பெருமளவில் வந்த காலம், வந்தபோது பெற்றிருந்த சட்டநிலை என இரண்டு நிரல்களை அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நேபாளியர் என்ற தலைப்பின்கீழ்ப் பூட்டானிலிருந்து வந்தவர்களும் அடங்குவர் என்று ஓர் அடிக்குறிப்பும் தேவை.

தங்கள் நெடுநாள் வாசகர்,
கொலம்பஸ், ஒஹையோ.