ஈயச்சொம்பும் உன் மருமகளும்

அன்புள்ள சுமதிக்கு,

வசந்தா எழுதறேன். நீ அனுப்பின அந்த ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜ மூணு தடவை கேட்டேன்டி, முதல் தடவை குக்கர் விசில்ல பாதி போச்சு, ரெண்டாவது தடவை நீ அழற மாதிரி இருந்துச்சு அதனால பதில் சொல்ல பயம், மூணாவது தடவைதான் விஷயமே புரிஞ்சுது. போன்ல பேசலாம்னா நீ குறுக்க குறுக்க பேசுவ, அதான் கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒத்த விரல்ல டைப் பண்ணிட்டு இருக்கேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

இங்க எல்லாரும் சௌக்கியம். அவருக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, ஆனா வாக்கிங் போற கூட்டத்துல அரசியல் பேசற அளவுக்கு தெம்பு இருக்கு. சின்னவளுக்கு வரன் பாக்கறோம், அத நேர்ல சொல்றேன், எழுதினா நாலு பக்கம் போகும்.

இப்ப உன் கேள்வி. ஈயச்சொம்புல ரசம் வச்சு பேரனுக்கு ஊட்டலாமா கூடாதா. நீ நிஜமா கேக்கறது நீ ஜெயிச்சியா உன் மருமக ஜெயிச்சாளான்னுதானே, உன்ன எனக்கு 38 வருஷமா தெரியும்டி. ரெண்டு பேருமே பாதி பாதி. அவ போன்ல ஈயம்னு தேடியிருப்பா, விஷம், மூளை பாதிப்புன்னு வந்திருக்கும், பொண்ணு பயந்துட்டா. அது காரீயம், இங்கிலீஷ்ல லெட். நம்ம பாட்டிங்க ரசம் வச்சது வெள்ளீயம், அதாவது டின். ரெண்டும் வேற வேற உலோகம், நாம பிஎஸ்சில படிச்சதுதான், காரீயத்தோட குறியீடு பிபி (Pb), வெள்ளீயத்தோடது எஸ்என் (Sn). நம்மாளுங்க ரெண்டையும் சேத்து ஈயம் ஈயம்னு கூப்பிட்டு வச்சதுல இப்ப உங்க வீட்ல சண்டை.

வெள்ளீயம் சுத்தமா இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல, உடம்பு அத அவ்வளவா உறிஞ்சாது, வந்த வழியே போயிடும். தெருவுல வந்து பித்தளை பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டு தேச்சு பூசிட்டு போவாங்களே, அதுவும் இதுதான், புளிக்கொழம்பு வச்சா களிம்பு ஏறக்கூடாதுன்னு. அதுக்கு ஒரே பலவீனம் சூடு, 232 டிகிரிலயே உருகிடும். உள்ள ரசம் இருக்கிற வரைக்கும் நூறு டிகிரி பக்கத்துலயே நிக்கும், காலி சொம்ப அடுப்புல வச்சா போச்சு. கல்யாணமான மூணாவது மாசம் நான் மாமியார் சொம்புல நேரா எண்ணெய் ஊத்தி தாளிக்கறேன்னு போய் கேஸ் அடுப்பு மேல வெள்ளிக்குட்டை மாதிரி ஓட விட்டேனே, ஞாபகம் இருக்கா. முப்பது வருஷம் கழிச்சும் விசேஷ வீட்ல அத சொல்லிக் காட்டுவாங்க.

சரி அப்ப உன் மருமக எதுல கரெக்ட்? சொம்பு சுத்தமாங்கறதுல. வெள்ளீயம் விலை காரீயத்த விட பத்து மடங்குக்கும் மேலடி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு நல்லா கலக்கும், பாத்தா வித்தியாசம் தெரியாது, அப்புறம் யாருக்குத்தான் ஆசை வராது. உங்கம்மா குடுத்த பழைய சொம்பு இருக்கே அத பத்தி எனக்கு அவ்வளவு பயம் இல்ல, ஆனா பழசுங்கறதுக்காக அதுக்கும் சர்டிபிகேட் குடுக்க மாட்டேன். நீ ஆன்லைன்ல பாதி விலைக்கு வாங்கினேன்னு பெருமையா சொன்னியே அதுதான் உறுத்துது. நானே ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கண்காட்சில ஒண்ணு வாங்கி ஏமாந்தேன், எப்படி கண்டுபிடிச்சேன்னு கடைசில சொல்றேன்.

புளியும் காரீயமும் சேந்தா என்ன ஆகும்னு வெள்ளக்காரன் ஊர்லயே ஒரு கதை இருக்கு. இங்கிலாந்துல டெவன்னு ஒரு பக்கம், அங்க வருஷா வருஷம் ஆப்பிள் சாறு புளிக்க வச்சு குடிக்கற சீசன்ல ஜனங்களுக்கு தாங்க முடியாத வயித்து வலி, மலச்சிக்கல், கை கால் விளங்காம போறது. ஊர்ல எல்லாரும் சாறோட புளிப்புதான் காரணம்னு நெனச்சாங்க. ஜார்ஜ் பேக்கர்னு ஒரு டாக்டர் 1767ல அந்த சாற சோதிச்சு பாத்து, சாறு பிழியற செக்குல காரீயம் வச்சு அடைச்சிருக்காங்க, புளிப்பு அத கரைச்சு எடுக்குதுன்னு காட்டினார். வேற ஜில்லால காரீயம் இல்லாத செக்கு, அங்க அதே சாற குடிச்சும் இந்த வியாதி இல்ல. புளிப்பு குத்தவாளி இல்ல, ஆனா கதவ தெறந்து விட்டது அதுதான். நம்ம ரசத்துல புளி, தக்காளி ரெண்டும், அதுவும் சுடச்சுட.

நீ உடனே சொல்லுவ, கொஞ்சூண்டு தானே, அளவுக்கு மிஞ்சினாத்தானே நஞ்சுன்னு. அத மெசேஜ்லயும் சொல்லிருக்க. பாராசெல்சஸ்னு ஒரு சுவிஸ் வைத்தியர் 16ம் நூற்றாண்டுல இதையேதான் சொன்னார், விஷமா மருந்தாங்கறத அளவுதான் முடிவு பண்ணுதுன்னு, நச்சியல் படிக்கறவங்க முதல் பாடமே அதுதான். உப்புக்கு அது சரி, பாராசிட்டமாலுக்கு சரி, கல்லீரல் தாங்கற வரைக்கும் மருந்து, தாண்டினா கல்லீரலையே காலி பண்ணிடும். காரீயத்துக்கு மட்டும் அந்த பழமொழிய வச்சு நிம்மதியா தூங்க முடியாதுடி. உடம்புக்கு காரீயத்தால ஒரு உபயோகமும் கிடையாது, ஆனா உடம்பு அத கால்சியம்னு நெனச்சு ஏமாந்து உள்ள விடுது. ரத்தத்துல ஒரு மாசம் போல சுத்தும், அப்புறம் எலும்புல போய் குந்திக்கும், வருஷக்கணக்கா இல்ல, பல பத்து வருஷம். கர்ப்பமா இருக்கறப்ப குழந்தைக்காக எலும்புலேந்து கால்சியம் கரையும்ல, அதோட கூட இதுவும் இறங்கி வரும். தினம் ஒரு துளி கூட சேந்துக்கிட்டே போகும், ரசம் தினம் வைக்கறதுதானே.

அதுவும் குழந்தைங்க பெரியவங்கள விட நாலஞ்சு மடங்கு உறிஞ்சுவாங்க, வயிறு காலியா இருந்தா இன்னும் ஜாஸ்தி, இரும்புச்சத்து கால்சியம் கம்மியா இருந்தா அதுக்கும் மேல. அமெரிக்கால குழந்தை ரத்தத்துல இவ்வளவு இருந்தா கவலைப்படணும்னு ஒரு எண் வச்சிருக்காங்க, 1960கள்ல ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லி ரத்தத்துக்கு, 60 மைக்ரோகிராம். நாம காலேஜ் படிச்சப்ப 25. 1991ல 10, 2012ல 5, 2021லேந்து 3.5. ஒவ்வொரு தடவையும் இதுக்கு கீழ பரவாயில்லன்னு நெனச்சாங்க, ஒவ்வொரு தடவையும் கீழயும் பாதிப்பு இருக்கறது தெரிஞ்சுது. இன்னொண்ணு கேளு, புத்திக்கூர்மை குறையறது முதல் சில மைக்ரோகிராம்லதான் வேகமா குறையுது, அதுக்கப்புறம் ஏற ஏற ஒவ்வொரு மைக்ரோகிராமுக்கும் குறையறது கம்மி. அப்படின்னா கொஞ்சூண்டுங்கறதுதான் இங்க பெரிய விஷயம். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு தெரியலன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. யூனிசெப் 2020ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு 5க்கு மேல இருக்குன்னு, கிட்டத்தட்ட 80 கோடி குழந்தைங்க. குழந்தைய பாத்தா ஒண்ணும் தெரியாது, ஓடும் ஆடும், கொஞ்சம் கவனம் பத்தல, எரிச்சல் படறான், வயிறு வலிக்குதுங்கறான், இதுக்கெல்லாம் யாரு காரீயத்த சந்தேகப்படப் போறாங்க.

நாமளும் இதெல்லாம் சுவாசிச்சு வளந்தவங்கதான். மெயின்கார்டு கேட்ல காலேஜ் பஸ்ஸுக்கு நின்னோமே, பஸ் டீசல், அத விடு, ஆனா ஸ்கூட்டர் ஆட்டோ எல்லாம் காரீயம் கலந்த பெட்ரோல், இஞ்சின் தட்டாம ஓடணும்னு கலந்தாங்க, நம்ம நாட்ல அத முழுசா நிறுத்தினது 2000ல. அல்ஜீரியாதான் கடைசி, 2021. என் கணக்கு பாடம் ஏன் அப்படி இருந்துச்சுன்னு இப்ப ஒரு சாக்கு கிடைச்சுது பாரு.

சொம்ப மட்டும் பிடிச்சுக்கிட்டு மத்தத விட்டுடாத. மஞ்சள் தூள் எங்க வாங்கற? பங்களாதேஷ்ல 1988 வெள்ளத்துல மஞ்சள் கிழங்கு நனைஞ்சு மங்கிப் போச்சுன்னு பளிச்சுனு காட்ட லெட் குரோமேட்னு ஒரு மஞ்சள் பெயிண்ட் பொடிய மேல தேய்க்க ஆரம்பிச்சாங்க, அந்த லெட் வேற ஒண்ணுமில்ல காரீயம்தான், அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. 2019ல சந்தைல எடுத்த சாம்பிள்ல 47 சதவீதத்துல காரீயம், அரசாங்கம் ரெய்டு பண்ணி பைன் போட்டு ஜனங்களுக்கு சொல்லி, 2021ல அது பூஜ்யம். ரெண்டே வருஷம்டி! நீ விரலி மஞ்சளா வாங்கி கழுவி காயவச்சு அரைச்சுக்கோ, ரொம்ப பளபளன்னு இருக்கறத எடுக்காத. குழந்தைக்கு கடை கண் மை வேண்டாம், அவன் நெத்தில அந்த ஆரஞ்சு கலர் குங்குமமும் வேண்டாம், அதுலயும் காரீயம் இருக்கலாம். உங்க வீடு 91ல கட்டினது, ஜன்னல் பெயிண்ட் உரிஞ்சு விழற இடத்துல அவன் தவழறான்னா ஈரத்துணியால துடை, காய்ஞ்ச தொடப்பத்தால பெருக்கினா தூசி பறக்கும். பெயிண்ட்ல காரீயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு, மேல கூடாதுங்கற சட்டம் 2017 கடைசிலதான் நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்சதுல என்ன இருக்கோ. இன்வெர்ட்டர் பேட்டரி உள்ள இருக்கறதும் காரீயம்தான், பழச தெருவுல வர்றவங்ககிட்ட போடாத, வாங்கின கடையிலயே திருப்பி குடு, அவங்க எங்கயோ ஒரு கொல்லைல ஒடைச்சு உருக்குவாங்க, அங்கயும் ஒரு குழந்தை இருக்கும்.

கொசுவத்தி வேற கேட்டிருந்த. கதவ சாத்திக்கிட்டு ஏத்தாத, ஒரு சுருள் எரியறப்ப வர்ற நுண்துகள் 75லேந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு 2003ல ஒரு ஆராய்ச்சில அளந்திருக்காங்க. வலை கட்டு. பாத்ரூம்ல ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒண்ணா போட்டு தேய்க்கறத நிறுத்து, குளோரின் கிளம்பும், போன தீபாவளிக்கு உனக்கு வந்த இருமல் அதனாலதான்னு எனக்கு அப்பவே சந்தேகம்.

இப்ப சொம்புக்கு வழி. எடை போடு, அப்புறம் தளும்ப தளும்ப தண்ணி இருக்கற அண்டால முழுசா முக்கி வழியற தண்ணிய அள. அரை கிலோ சொம்புன்னா சுத்த வெள்ளீயம் 68 மில்லி போல வழியணும், 60க்கு கீழ வந்தா கண்டிப்பா கலப்படம். ஆனா கொஞ்சமா கலந்திருந்தா இதுல தெரியாது. என் சொம்ப நான் நகைக்கடைல தங்கம் பாக்கற கேரட் மெஷின்ல வச்சேன், எனக்கு தெரிஞ்ச பையன்தான் அங்க வேலை, சிரிச்சுக்கிட்டே வச்சான், திரைல காரீயம்னு வந்ததும் சிரிப்பு போச்சு. அது தங்கத்துக்குன்னு செட் பண்ண மெஷின், சதவீதத்த அப்படியே நம்பக்கூடாது, ஆனா இருக்கா இல்லையான்னு சொல்லிடும். அந்த சொம்புல இப்ப மணி பிளான்ட் வச்சிருக்கேன்.

அதுவரைக்கும் ரெண்டு சொம்பையும் பரண்ல வை, ரசத்த எவர்சில்வர்ல வை, ருசி கொஞ்சம் கம்மியானா ஆகட்டும். பேரனுக்கு ஒரு தடவை ரத்தத்துல காரீயம் பாக்க சொல்லி டாக்டர்கிட்ட கேளு, சாதாரண பிளட் டெஸ்ட்ல அது வராது, தனியா எழுதித் தரணும். கேழ்வரகு கூழ், முருங்கைக்கீரை குடு. மருமககிட்ட போய் வசந்தா சொல்லிட்டான்னு என் பேர இழுக்காத, நீ பயந்தது சரிதான்மான்னு நீயே சொல்லிடு, அவ நல்ல பொண்ணு.

ஐப்பசில முகூர்த்தத்துக்கு கும்பகோணம் வர்றேன்னு சொன்னியே, வரும்போது ரெண்டு சொம்பையும் துணில சுத்தி எடுத்துட்டு வா, அந்த பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், மதியம் கடைல கூட்டம் இருக்காது. டிகிரி காபி நான் வாங்கித் தரேன்.

உன்
வசந்தா