விதைநெல் ஆராய்ச்சியைக் கம்பனியிடம் விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆராய்ச்சிக்கு அரசாங்கம் ஏன் காசைக் கொட்ட வேண்டும், தேவையென்றால் கம்பனிக்காரர் செய்வார்கள்தானே என்று எங்கள் ஊர்ப் படித்த பிள்ளைகளே இப்போது பேசுகிறார்கள். படுவான்கரையில் வேளாண்மை செய்கிற எனக்கு இதைக் கேட்க மனம் பொறுக்கவில்லை.

சோளனைப் பாருங்கள். கலப்பின விதையை ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும், விளைந்ததில் எடுத்து வைத்துப் போட்டால் பயிர் ஒரே சீராக வராது, விளைச்சலும் விழுந்துவிடும். அதனால் கம்பனி துணிந்து முதல் போடுகிறது, விதை விற்றே அதை எடுத்தும் விடுகிறது. நெல் அப்படியா? தன் பூவிலேயே கருக்கட்டுகிற பயிர். பீஜீ 300 என்ற நெல் ரகத்தை ஒரு தடவை நல்ல விதையாக வாங்கி, கலப்பு வராமல் பார்த்துக்கொண்டால் அடுத்த போகத்துக்கும் நம் விதைநெல்லே போதும், பக்கத்து வயல்காரருக்கும் இரண்டு மூடை கொடுக்கலாம். விவசாயிக்கு இது பெரிய வரம், ஆனால் விற்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

அரசாங்கத்தின் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1950களில் நம் நாட்டு முருங்கக்காயனையும் இந்தோனேசிய மாஸ் நெல்லையும் கலந்து எச் 4 என்ற புது ரகத்தை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஹெக்டேயருக்கு ஒன்றரை தொன் அளவில் இருந்த நாட்டின் சராசரி விளைச்சல் பிறகு நாலு தொன்னைத் தாண்டியது, பசளையும் நீர்ப்பாசனமும் சேர்ந்துதான், ஆனால் அதைத் தாங்குகிற நெல் முதலில் வேண்டுமே. உப்பைத் தாங்குகிற ஏடி 354 நெல்லும் அரச ஆராய்ச்சியில் வந்ததுதான். வாவியோரத்தில் உப்பேறிய நாலு ஏக்கருக்காக எந்தக் கம்பனி பத்து வருடம் காத்திருக்கும்?

தென்கொரியாவைக் காட்டுவார்கள். அங்கே ஆராய்ச்சிச் செலவில் பெரும்பங்கு கம்பனிகளுடையது, சரி. அவை போனும் சிப்பும் விற்கிற கம்பனிகள். அந்த நாட்டுக்கு 1970களில் சோறு போட்ட தொங்கில் நெல், அரச ஆராய்ச்சியும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து எடுத்ததுதான்.

நம் நாட்டில் அரசும் தனியாரும் சேர்ந்து ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம்தான். இதில் எதை வெட்டுவது? தேயிலைக்கு 1925இலேயே ஆராய்ச்சி நிறுவனம் வைத்து, ஏற்றுமதியில் செஸ் என்ற தனி வரி எடுத்து நடத்தினார்கள். அரிசி இறக்குமதியில் அறவிடும் வரியிலும் ஒரு சிறு பங்கை நெல் ஆராய்ச்சிக்கென்று சட்டப்படி ஒதுக்குங்கள், மட்டக்களப்பு, அம்பாறை மண்ணிலேயே புதிய ரகங்களைப் பரீட்சித்துப் பார்க்க அதில் ஒரு பகுதியைத் தாருங்கள். எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதை வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கேட்க வேண்டும்.

ஒரு விவசாயி,
படுவான்கரை, மட்டக்களப்பு.